தவளை முட்டையில் அனீஸ்

— தவளை முட்டையிலயாங்க? எம்பையன் அனீசோடதையா?

— ஆமாங்க்கா. ரெண்டு வருசம் முன்னால அவங்கிட்ட எடுத்த ரத்தத்துல இருந்து ஒரே ஒரு ஜீனைப் பிரிச்சோம். அதைக் காப்பி எடுத்து, தவளை முட்டைக்குள்ள ஊசியில ஏத்தினோம். வேலை செய்யுதான்னு கரண்ட் வெச்சுப் பாத்தோம்.

— செஞ்சுதுங்களா, டாக்டரம்மா?

— நான் டாக்டர் இல்லீங்க்கா, எத்தனை தடவை சொல்றது! பூங்குழலின்னே கூப்பிடுங்க. லேப்ல ஆராய்ச்சிக்குப் படிக்கறவ.

— வெள்ளைக் கோட்டுப் போட்டுட்டு வந்தீங்களே. சரி, உடுங்க. செஞ்சுதுங்களா?

— இல்லீங்க்கா. எல்லாரு கிட்னியிலயும் பொட்டாசியம் போறதுக்குன்னு சின்னச் சின்னக் கதவு இருக்கும். அது வழியாப் பொட்டாசியம் போனாத்தான், ஒண்ணுக்குல போற உப்பை ஒடம்பு திரும்ப இழுத்துக்கும். அனீசுக்கு அந்தக் கதவு தொறக்கவே இல்லை.

— பங்குனியில மவுத்தாப் போன பையனுக்கு ஐப்பசியில வந்து கதவு தொறக்கலீன்னு சொன்னா, நான் என்னங்க பண்றது?

— தொட்டில்ல மஹ்னூர் இருக்காளே. அவளுக்காகத்தாங்க்கா வந்தேன். உங்க ஊட்டுக்காரரு ரபீக் அண்ணன் உங்க மாமன் பையன். ரெண்டு பேர்த்துகிட்டயும் அந்த ஜீன் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. அப்படி இருந்தா நாலு பிள்ளைல ஒண்ணுக்கு வர வாய்ப்பு இருக்கு.

— இவளும் அவனாட்டத்தானுங்க. பால் குடிச்சு வாயெடுக்கங்காட்டி தண்ணிக்கு அழுவறா. துணி மாத்தி மாளல. இவளால பனியன் கம்பெனிக்கே போகலீங்க, ஓவர்லாக் மெசினுக்கு வேற ஆள் போட்டுட்டாங்க.

— அதாங்க்கா எனக்குப் பயம். ஒரு சொட்டு ரத்தம் குடுங்க. நோய் இருந்தாலும் காப்பாத்தலாம். மாத்திரை இருக்கு. டாக்டர் அளவு சொல்லுவாங்க, உப்புக் குடுக்கோணும். நெறைய உப்பு.

— உப்பா?

— உப்புதாங்க்கா. ஒடம்புல இருந்து அத்தனையும் ஒழுகிப் போகுதில்ல? அனீஸ் உப்புக் கேட்டதில்லீங்களா?

— கேட்டானாவா! அவங்கத்தா சாயப்பட்டறையில உப்பு மூட்டை பிரிச்சு மெசின்ல கொட்டறவரு. வேலை முடிஞ்சு வந்தாருன்னா இடுப்புல ஏறி உக்காந்துக்கிட்டுச் சட்டைக் காலரை நக்குவான். சட்டைய வெளியவே கழட்டிப் போட்டுட்டு ஊட்டுக்குள்ள வாங்கன்னு சொல்லிப்போட்டேன். ஊறுகாயைப் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். கஞ்சிக்கு உப்புப் போடல. அவன் பாத்து ஏங்குவானேன்னு நாங்களும் போட்டுக்கல. ஒண்ணரை வருசமுங்க.

— அய்யோ! ஏனுங்க்கா அப்படி?

— கிட்னிக்கு உப்பு ஆகாதுன்னு சொன்னாங்க.

— யாருங்க்கா சொன்னது? எந்த ஆஸ்பத்திரி?

— உடுங்க. நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க.

— அப்புறம்?

— வெயிலுக்கு வயித்தால போச்சு. ரெண்டே நாளு. கடைசியா என்ற உள்ளங்கையைப் புடிச்சு நக்கினான். முத்தம் குடுக்கறான்னு நெனைச்சேனுங்க. வேர்வைக்கு நக்கியிருக்கான்.

— அக்கா... ஜீன்ல எழுத்து மாறியிருக்கறது ரத்தம் எடுத்த ஆறாம் மாசமே எங்களுக்குத் தெரியும். அதுதான் காரணம்னு நிரூபிக்காம சொல்லக்கூடாதுன்னாங்க. அதுக்குத்தான் தவளை முட்டை. நானாச்சும் ஒரு போன் பண்ணியிருக்கோணும்.

— பண்ணலீங்களே.

— பண்ணலீங்க்கா. மஹ்னூரையாச்சும் காப்பாத்தலாம். அவ காலை மட்டும் புடிச்சுக்கங்க, ஊசி எடுத்துட்டேன்.

— வேண்டாமுங்க.

— அக்கா, இவளும் போயிருவா!

— இருந்தா இருக்கட்டும், அல்லா கூப்பிட்டாப் போகட்டும். இனி ஒருத்தர் பேச்சைக் கேட்டு இவளுக்கு ஒண்ணைக் குடுக்கவும் மாட்டேன், ஒண்ணை நிறுத்தவும் மாட்டேன்.

— யாரோ தெரியாம சொன்னதுக்கு இந்தப் பிள்ளையைப் பலி குடுப்பீங்களா? அது யாருன்னு சொல்லுங்க, நானே கூட்டிட்டு வந்து தப்புன்னு ஒத்துக்க வெக்கறேன். அப்பவாச்சும் நம்புவீங்களா?

— நீங்கதானுங்க, டாக்டரம்மா. அன்னிக்கு ரத்தம் எடுத்துட்டு, இதே வாசப்படியில செருப்பு மாட்டிக்கிட்டே, "கிட்னி சமாச்சாரமுங்க்கா, எதுக்கும் உப்பைக் குறைச்சுக்கங்க"ன்னு சொல்லீட்டுப் போனீங்க.