முந்திரித் தோப்பில் ஒரு பாய்மரம்

— சும்மா தட்டுனா ஒண்ணும் தெரியாது தம்பி. காத ஒட்ட வச்சுக்கிட்டுத் தட்டுங்க, பறங்கிக்காய் வாங்குற மாதிரி.

— இருங்க பெரியம்மா... ஆத்தாடி! கோயில் கதவு மாதிரியில்ல சத்தம் குடுக்குது! எங்கயும் ஒரு பொத்தல் சத்தம் இல்லியே. சொல்லக் கூடாதுதான், ஆனா இப்படி ஒரு பலகைய நான் பாத்ததில்ல.

— ம்க்கும். சொல்லக் கூடாதுன்னா சொல்லாம இரு மாமா. பஸ்ஸு ஏறுறப்ப என்ன சொல்லிக் கூட்டியாந்தேன்? பழைய படகு வாங்கப் போறோம், வாயத் தொறந்தா கொறதான் வரணும்னு சொன்னேனா இல்லியா?

— சொன்ன அம்சவள்ளி.

— அப்ப ஒரு கொற சொல்லு.

— இரு, தேடுறேன்.

— நல்லாத் தேடுங்க. இந்த வீரம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. ஆலத்தியூர்லேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க, ஒரு கொறயாச்சும் கெடைக்காமயா போயிடும்? அந்த முந்திரிச் சருகத் தள்ளிட்டு அடியில பாருங்க.

— அடி ஏன் பெரியம்மா இப்படிக் கன்னங்கரேல்னு இருக்கு? தாரு பூசுனதா?

— தாரு இல்ல தம்பி, முந்திரிக்கொட்டத் தோட்டுல எடுக்கற எண்ணெய். கொட்ட ஒடச்சு முடிஞ்சா மொதப் பூச்சு இதுக்குத்தான். பொம்பளைக்கு மருதாணி வைக்கற மாதிரி வருசா வருசம் வைப்பாரு எங்க வூட்டுக்காரரு. கையில பட்டா வெந்துடும். அவரு கை ரெண்டும் பாம்புச் சட்டை கணக்கா உரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா கரையான் கிட்ட வராது.

— அதான் ஒரு அரிப்புகூட இல்ல! இங்க பாரு அம்சவள்ளி. இத்தன வருசப் படகு, பாசி ஏறுன தழும்பு இல்ல, கல்லு ஒரசுன கீறல் இல்ல. ஓட்டுன மனுசன் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்திருக்கணும்! பொத்துனாப்புல கொண்டாந்து கரை சேத்துருக்காரு. சொல்லக் கூடாதுதான்...

— சொல்லாத.

— சரி, சொல்லல.

— ஏன் பெரியம்மா, உள்ள தண்ணி கசியுமா? அதயாச்சும் கேப்போம். இந்த மனுசன் கேக்க மாட்டாரு போலருக்கு.

— மழ பேஞ்சா உள்ள தண்ணி நிக்கும் பொண்ணு. ஒரு சொட்டு கீழ எறங்காது. தெனம் வந்து கோழி குடிச்சுத்தான் தீரணும். பொருத்துக்குப் பொருத்து தேங்கா நாரு அடைச்சிருக்காரு. நாரு திரிச்சுக் குடுத்தவ நானு, எனக்குத் தெரியாதா?

— அப்ப இது அவரே செஞ்சதா பெரியம்மா?

— பின்ன? குருநாதன்னு பேரு. மீன்காரரு இல்ல, தோப்புக் காவலுக்கு வந்த குடும்பம் எங்களுது. கையகல நெலங்கூடக் கெடையாது அப்ப. கல்யாணத்துக்கு முந்தி நாகப்பட்டணத்துல ஒரு படகுப் பட்டறையில பலகை தூக்கிக்கிட்டுக் கெடந்திருக்காரு. தூக்குனது தோளு, கத்துக்கிட்டது கண்ணு. இங்க ஒரு புயல்ல ஏரிக்கரை இலுப்ப மரம் சாஞ்சுது. வெறகுக்கு எடுத்துக்கடான்னாரு தோப்புக்காரரு. இவரு வெறகா எரிப்பாரு? அறுத்துட்டாரு.

— இலுப்ப மரம்! நெனச்சேன். அதான் இந்தக் கனம். அந்தா தெரியுதே, அந்த ஏரிக்குன்னா செஞ்சாரு?

— அந்த ஏரிக்குத்தான்.

— இப்ப கருவேலங்காடா கெடக்கே.

— கெடக்கு.

— அதான் விக்கிறீங்களா?

— என் மவ கலைமணி பெரம்பலூருக்கு வந்து எங்கூட இருன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஆட்ட வித்தேன், கோழிய விக்கப் போறேன். இத மட்டும் யாருட்ட குடுக்கறதுன்னு தெரியல. அது கெடக்கட்டும், உங்களுக்கு எதுக்குத் தம்பி பாய் வச்ச படகு? பரிசல் போதாதா?

— அத நான் சொல்றேன் பெரியம்மா. இவரச் சொல்லச் சொன்னா நல்லாருக்கேன்னுதான் சொல்வாரு. எங்கூருப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடிச்சு வுட்ட பள்ளம் ஒண்ணு, மழத்தண்ணி நெறஞ்சு ஏரி கணக்கா கெடக்கு. சங்கத்துல மீன் வுட்டுருக்காங்க. நாலு மூலைக்கும் போயித் தீனி போடுற வேல இவருக்கு. சிமெண்டு மூட்டை தூக்கித் தூக்கி வலது தோளு செத்துப்போச்சு. சோத்தப் பெசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோகும், அதுக்கு மேல ஒசராது. பரிசல்ல ஒத்தக் கையால துடுப்புப் போட்டா அது நின்ன எடத்துலயே செக்கு மாடாட்டம் சுத்துது. கரையில நின்னு சனம் சிரிக்குது.

— சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போவட்டும்டி.

— சிரிச்சதோட வுட்டாங்களா? ஆடி பொறந்தா வேற ஆளப் போட்டுக்கறோம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க பெரியம்மா. இந்த வேலையும் போனா இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எவன் கூப்புடுவான்?

— அந்தப் பள்ளத்துல காத்து ஓயவே ஓயாது பெரியம்மா. பாய விரிச்சுட்டா இழுக்கற வேல காத்துது. கயித்தக் கட்டைல ஒரு சுத்துச் சுத்திட்டு ஒத்தக் கையால சுக்கானப் புடிச்சாப் போதும். அதான் அலையுறேன்.

— பாய்ப் படகு ஓட்டத் தெரியுமா தம்பி?

— தெரியுமாவா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அந்தக் கதையத்தான கேட்டுக்கிட்டிருக்கேன். வேதாரண்யத்துல உப்பு வேலைக்குப் போனப்ப பாய்ப் படகுல அப்படிப் போனேன், காத்து மாறுனதும் இப்படித் திருப்புனேன்னு. எம் புள்ளைங்க அதக் கேட்டுத்தான் தூங்குச்சுங்க.

— அப்படியா தம்பி?

— ம்... இந்தச் சுக்கானக் கொஞ்சம் பாத்துடறேன் பெரியம்மா. அடடா, புடி எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க! அஞ்சு வெரலும் தனித்தனியாப் பதிஞ்சிருக்கு. நான் புடிச்சா என் வெரலும் அதுலயே போயி ஒக்காருது.

— அவரும் உங்கள மாதிரி நெட்ட வெரலுக்காரருதான்.

— குந்துற பலகையும் வழுவழுன்னு கெடக்கே.

— பொழுது சாஞ்சா அவரு அதுலதான் தம்பி. சோறுகூட அங்கதான் கொண்டாந்து குடுக்கணும். தின்னுட்டுக் கைய வெளிய நீட்டிக் கழுவுவாரு.

— படகுலயே சோறா! மனுசன் எறங்கவே மாட்டாரு போலருக்கு. கேட்டியா அம்சவள்ளி? நீ ஒரு நாளாச்சும் எனக்குப் பரிசல்ல சோறு கொண்டாந்தியா?

— சுத்துற பரிசல்ல சோறு தின்னா வாந்திதான் வரும். பாயப் பாரு மாமா. அய்ய, எத்தன ஒட்டு! கெடச்சுதா கொற? புயல்ல கிழிஞ்சதா பெரியம்மா?

— புயலா? கலைமணி கல்யாணத்துல கிழிஞ்சது. பந்தல் பத்தலன்னு தூக்கிக் கட்டிட்டானுவ. அதுக்கு அவரு மாப்பிள வூட்டுக்காரங்ககிட்டயே மல்லுக்கு நின்னாரு.

— ஒட்டுத் தையலப் பாரேன் அம்சவள்ளி, எறும்பு ஊர்ற மாதிரி. இதப் போயிக் கொறன்னா நாக்கு அழுவிடும். அட, இந்தப் பாய்மரத்துல பாரு! கயிறு ஒரசி ஒரசி எம்மாம் ஆழத்துக்குத் தடம் வுழுந்திருக்கு! எத்தன காத்தப் பாத்திருக்கும் இது! சொல்லக் கூடாதுதான், சொல்லாமயும் இருக்க முடியல. இது படகு இல்லடி, பட்டத்து யானை.

— போச்சு! இனிமே வெல எங்க கொறையும்?

— வெலையப் பெறகு பேசிக்கலாம் பொண்ணு. பாய ஏத்திப் பாத்துடுங்க. அந்தக் கயித்த இழுக்கணும்.

— நான் இழுக்கறேன், நீ ஒதுங்கு மாமா. தோளு புடிச்சுக்கிட்டா ராத்திரி பூராவும் தைலம் தேக்கறது யாரு?

— மெதுவா. மெதுவா இழு பொண்ணு. ஆங், அப்படித்தான்.

— ஏறுது மாமா... ஏறுது... அய்யோ, கோழியெல்லாம் கத்திக்கிட்டு ஓடுது!

— புடிச்சுக்க, வுட்டுடாத! காத்து வருது தோப்புக்குள்ளேருந்து. வந்துடுச்சு, வந்துடுச்சு!

— மாமா, முட்டு மேல நிக்கற படகு ஆடுது மாமா! நம்மளயும் சேத்து இழுக்குது!

— பயப்படாத. ஒரு தேரு கெளம்பறாப்புல இருக்குல்ல?

— மாமா.

— என்னா?

— நல்லாருக்கு மாமா.

— கொற சொல்லச் சொன்ன?

— வாய மூடு. இதத்தான் வாங்கறோம்.

— சந்தோசம் பொண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு ஆவணும். அவரு கண்ண மூடறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போனாரு: ஓட்டத் தெரிஞ்சவன் கையில குடு வீரம்மா, இல்லாட்டி இங்கயே மக்கட்டும்னு. பைபாஸ் ஓட்டல்காரன் ஒருத்தன் வந்தான், வாசல்ல நிறுத்தி உள்ள மேசை போட்டு மீன்கொழம்பு ஊத்தப் போறானாம். போடான்னுட்டேன். அதனால தம்பி, இந்தப் பாய்மரத்துல கைய வச்சு எனக்கு ஓட்டத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லிட்டு நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க.

— சொல்லு மாமா. வலது கை எட்டலன்னா எடது கைய வையி.

— வச்சுட்டேன்.

— வச்சுட்டு ஏன் மரத்தயே பாத்துக்கிட்டு நிக்கற? சொல்லு.

— வச்சுட்டுப் பொய் சொல்ல வரல அம்சவள்ளி. பெரியம்மா, நான் பாய்ப் படகுல ஏறுனதே இல்ல.

— என்னா?

— உப்பு வாரிட்டு வந்து கரையில குந்திப் பாப்பேன். எந்தக் கயித்த எப்ப இழுக்கறான், எந்தப் பக்கம் சாயுறான்னு தெனமும் பாத்து மனசுலயே ஓட்டுவேன். ஏறிக்கடான்னு ஒருத்தன் கூப்புடல. உப்பு வேலக்காரன எவன் கூப்புடுவான்? ஒங்கிட்ட ஒரு நாளு ஏறுனேன்னு சொன்னேன் அம்சவள்ளி. சொல்லிச் சொல்லி எனக்கே ஏறுன மாதிரி ஆயிப்போச்சு.

— அட பாவி மனுசா! அப்ப அந்தக் கப்பலு கணக்கா அல வந்துச்சே, அது?

— அது புள்ளைங்களுக்காகச் சேத்துக்கிட்டது.

— வெளங்கும்! பொய் சொல்றதுதான் சொன்ன, இன்னும் ஒரு நிமிசம் சேத்துச் சொல்லியிருந்தா நமக்கு ஒரு வழி பொறந்திருக்குமே மாமா.

— அந்த மரத்துல கை வச்சா வரலடி. நான் என்ன செய்ய? பாய எறக்கி மடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பறோம் பெரியம்மா. கோவிச்சுக்காதீங்க.

— எறக்க வேணாம். டிராக்டரு எப்பக் கொண்டாருவீங்க?

— எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறேன் பெரியம்மா.

— காதுல வுழுந்துச்சு தம்பி. எனக்கென்ன காது செவுடா?

— அவரு சொல்லிட்டுப் போன வார்த்த இருக்கே?

— அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.

— வேணாம் பெரியம்மா. நெசமாவே ஓட்டுனவன் எவனாச்சும் வருவான், அவனுக்குக் குடுங்க. காலமெல்லாம் காத்துல ஓடுன படகு இது. அந்தக் கயித்துத் தடமே சொல்லுதே.

— அந்தத் தடமா? அந்தப் பாய்மரத்துக்கும் இந்த முந்திரி மரத்துக்கும் நடுவுலதான் மூணு புள்ளைக்கும் தூளி கட்டி ஆட்டுனேன். ஏரி நெறஞ்சா எறக்கிடலாம், நெறஞ்சா எறக்கிடலாம்னு சுக்கானப் புடிச்சுக்கிட்டு இதுலயே குந்திக் கெடந்தாரு அவரு. இது இன்னும் தண்ணியில எறங்குனதே இல்ல தம்பி.