கைராசிக்காரன் விட்ட ராக்கெட்

காபிய ஆறப் போட்றாதீங்க பாரூக் தம்பி. சக்கரை பத்தலைன்னாச் சொல்லுங்க, போட்டுக்கலாம். பொம்பளை இல்லாத ஊடு, எல்லாம் என்ர கைப்பக்குவந்தான்.

மொதல்ல கண்ணத் தொடைங்க. அமெரிக்காவுல இருந்து இம்புட்டுத் தூரம் வந்து, வந்ததும் வராததுமா என்ர காலைப் புடிச்சுட்டு, "நான் கொண்டாந்து குடுத்த ராக்கெட்டுனாலதானுங்க மாமா ஆறுமுகத்துக்குக் கண்ணு போச்சு"ன்னு அழுகறீங்க. பாக்கச் சங்கட்டமா இருக்குது. நாலு வருசமா இதை நெஞ்சுல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கறீங்களே, பாவம். ஆறுமுகம் பக்கத்துல நம்ம பனியன் கம்பெனிக்குள்ள உக்காந்து மிசின் சத்தம் கேட்டுட்டு இருக்கறான். மிசின்ல ஒரு ஊசி ஒடைஞ்சாக்கூட சத்தத்துலயே கண்டுபுடிச்சுருவான். அவன் வர்றதுக்குள்ள உங்க பாரத்த நான் எறக்கி வெச்சர்றேன். நீங்க குடுத்த ராக்கெட்டுப் பொட்டியில ஒரு குத்தமும் இல்லீங்க தம்பி.

என்ர சம்சாரம் குழந்தையம்மாள் கண்ண மூடுனப்ப ஆறுமுகத்துக்குப் பால்பல்லுக்கூட விழுகலை. வெள்ளகோயில் ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் பொண்ணு கொண்டாந்தாங்க. நான் கட்டலை. தலைக்கு எண்ணெ வெச்சு உட்டது நானு, காச்சல்னா மடியில போட்டுட்டு முழிச்சுட்டு இருந்தது நானு. கோயமுத்தூர்ல உங்களோட காலேஜ் படிக்கையிலயும் சனிக்கெழமையானா வந்துருவான். பஸ்ஸ விட்டு எறங்கறப்ப அவன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு அந்த வாரமே விடியும்.

அப்பறம் நீங்க அமெரிக்காவுக்குப் போனீங்க. அந்த ஆசை அவனையும் புடிச்சுக்கிச்சு. ரெண்டே வருசம்ங்கப்பான்னான். உங்கூட்டுலயும் ரெண்டு வருசம்னுதானே சொல்லிப்போட்டுப் போனீங்க? உங்கம்மா ஜுபைதாவ அப்பப்பக் கடைவீதியில பாப்பேன். உங்களப் பத்திக் கேட்டாச் சிரிக்கும். அந்தச் சிரிப்பப் பாத்துட்டு வந்தா எனக்கு ராத்திரிச் சோறு எறங்காது.

சொல்லிப் பாத்தனுங்க. கம்பெனிய உன்ர பேருல எழுதி வெக்கறேன்னேன். கணியூர்ல பொண்ணு இருக்குதுன்னேன். எல்லாத்தையும் மரியாதையாக் கேட்டுக்குவான், மக்காநாளு விடிஞ்சதும் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போயிருவான். மறைக்காமச் சொல்றேன், எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு மனுசன் சொந்த ஊட்டுக்குள்ள நடக்கவே பயந்தான்னா நம்புவீங்களா? அவன் போயிட்டா இந்தச் செவுத்துக்கு நடுவுல நான் எப்படிங்க இருப்பேன்?

அப்பத்தான் நீங்க லீவுல வந்து அந்தப் பொட்டியக் குடுத்தீங்க. நிலாவுல மனுசன் எறங்கின மறு வருசம். "மொதமொதல்ல கத்துக்கறவங்களுக்குன்னே விக்கறாங்க மாமா, ஒட்டிச் செஞ்சு மேல உடலாம்"னு சொன்னீங்க. நீங்க திரும்பிப் போனப்பறம் நாங்க ரெண்டு பேருந்தான் செஞ்சோம். அட்டைக் கொழாயி, மெத்துமெத்துனு ஒரு மரத்துல றெக்கை, மேல கூராட்டம் ஒரு மூக்கு. றெக்கைய உப்புத்தாள் போட்டுத் தேச்சது நானு. கோந்து காயற வரைக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுட்டு உக்காந்திருப்போம். எறங்கறப்ப விரியற குடைய எலி கடிச்சுப் போட்டுச்சு. பனியன் துணியில தெச்சரலாம்னான். பனியன் துணி இழுவும்டா கண்ணு, காத்துப் புடிக்காதுன்னேன். ஒரு நாள் பூரா அதுக்குச் சண்டை. கடைசில என்ர பழைய மல்லு வேட்டியக் கிழிச்சுத்தான் தெச்சோம். அந்த மாசம் மாதிரி நான் சந்தோசமா இருந்ததே இல்லீங்க.

பொட்டிக்குள்ள இருந்த இங்கிலீஷ் காயிதத்த வரிக்கு வரி எனக்குத் தமிழ்ல சொன்னான். பாட்டரிப் பொட்டி, அதுல இருந்து ராக்கெட்டு அடியில இருக்கற மருந்துக்கு ஒரு கம்பி, பொட்டியில ஒரு பொத்தான், ஒரு சின்னச் சாவி. சாவி இருந்தாத்தான் பொத்தான் வேலை செய்யும். மருந்துல தீப் பத்தாம போச்சுன்னா, கிட்டப் போறவன் சாவியப் புடுங்கித் தன்ர சட்டை ஜோப்புல போட்டுட்டுத்தான் போகோணும். வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது. நல்லாப் புரிஞ்சுதுங்க. நானும் மிசினோட பொழைக்கறவன்தானே.

ஆனா நம்மூருப் பழக்கம் ஒண்ணு இருக்குது. புது மிசின் எறங்கினா எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டி, கைராசிக்காரன்தான் பொத்தானை அமுக்கோணும். திருப்பூர்ல பாதிக் கம்பெனி மிசினு என்ர கைபட்டு ஓடுனதுதான். சென்னியப்பன் அமுக்கினா நிக்காதும்பாங்க. ஆறுமுகமும் அதேதான் சொன்னான். "ஆரம்பம் உங்க கையிலதானுங்கப்பா." பொட்டிய என்ர மடியில வெச்சான். காயிதத்துல போட்டிருந்தது அவனுக்குத் தெரியாததில்லை. அப்பன்தானேன்னு நெனச்சுட்டான்.

ராக்கெட்டு உட்ட அன்னிக்கு மறுநாள் அவனுக்கு அமெரிக்காப் பயணம், மெட்ராசுக்கு ரயிலு. மண்ணரைக்கு அக்கட்ட நொய்யல் ஆத்து மணல்ல நாங்க ரெண்டு பேருந்தான். கம்பெனி ஆளுக வர்றோம்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன். குங்குமம் வெச்ச ராக்கெட்டுப் பக்கத்துல நின்னு சூடம் காட்டுனான். ஓடியாந்து என்ர பக்கத்துல நின்னுட்டு, அஞ்சு, நாலு, மூணுன்னு எண்ணுனான். எண்ணி முடிச்சு மேல பாத்தான்.

பத்தலை. பாட்டரி சரியில்லாமப் போச்சுன்னு ஊர்ல எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். உங்கப்பா பசீர் அகமதுகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பாட்டரி நல்லாத்தான் இருந்துச்சுங்க. நான் வெரலை வெச்சேன், அமுக்கலை.

அதுவரைக்கும் என்ர மனசுல கெட்டது ஒண்ணுமில்லை. மொதக் காரியம் தடங்கலாச்சுன்னா நல்ல காரியத்தத் தள்ளி வெப்பாங்களே, அந்த மாதிரி அவனும் பயணத்தத் தள்ளி வெப்பான்னு ஒரு நப்பாசை. சகுனம் சரியில்லை கண்ணு, இன்னொரு மாசம் பாத்துப் போலாம்னேன். சிரிச்சான். சித்த நேரம் நின்னு பாத்துட்டு, "சாவிய எடுத்துட்டீங்களாப்பா"ன்னு கேட்டான்.

எடுத்துட்டேன் கண்ணுன்னேன்.

போனான். மண்டி போட்டுக் குனிஞ்சு, அடியில கம்பி விட்டுப் போச்சான்னு மூஞ்சியக் கிட்டக் கொண்டு போயிப் பாத்தான். அங்கிருந்தே, "இது பறக்காட்டி என்னங்கப்பா, நாளைக்கு நானே பறந்தர்றேன்"னான். வெளையாட்டாத்தான் சொன்னான். அந்தக் குரல்ல எம்புட்டு சந்தோசம்ங்கறீங்க. என்னைய விட்டுட்டுப் போறதுக்கு ஒரு புள்ளைக்கு இம்புட்டு சந்தோசமா?

சாவி பொட்டியிலயேதான் இருந்துச்சு. அமுக்கினேன்.

ராக்கெட்டு நல்லாப் போச்சுங்க தம்பி. உங்ககிட்ட அதைச் சொல்லோணும். நேரா மேல போயி, வேட்டித் துணிக் குடை விரிஞ்சு, மொள்ள எறங்குச்சு. அவன்தான் பாக்கலை. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திட்டு மணல்ல கெடந்தான். தூக்கித் தோள்ல போட்டுட்டு ஓடினேன். சின்ன வயசுல காச்சல்ல தூக்கிட்டு ஓடுனனே, அதே மாதிரி என்ர கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டான்.

இப்ப நீங்க ஆப்பரேசன் செலவப் பாத்துக்கறேன், கூட்டிட்டுப் போறேங்கறீங்க. அப்பவே கோயமுத்தூர் டாக்டர் சொன்னாருங்க. வலது கண்ணு போச்சு, எடது கண்ணுல மேல மட்டுந்தான் வெந்திருக்குது, உடனே மெட்ராஸ் கூட்டிட்டுப் போனா பார்வை வரும்னாரு. அவன் வெளிய பெஞ்சுல கட்டுப் போட்டு உக்காந்திருந்தான். நான் போயிக் கையப் புடிச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க கண்ணுன்னேன். அழுதான். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லீங்க.

பெத்த புள்ளை கண்ணைக் கெடுக்கோணும்னு எந்த அப்பனாச்சும் நெனப்பானா? நான் நெனைக்கலை. ரயிலத்தான் நிறுத்தோணும்னு நெனச்சேன்.

இப்ப அவனுக்கு என்ன கொறைங்கறீங்க? மீனுல முள்ளெடுத்துச் சோத்தோட பெசஞ்சு ஊட்டறேன். சட்டைக்குப் பொத்தான் போட்டு உடறேன். பேப்பர் படிச்சுச் சொல்றேன். ராக்கெட்டு சேதி வந்தா மட்டும் விட்டுட்டுப் படிப்பேன், அவன் சங்கட்டப்படுவான்.

போலீசுக்குப் போறதுன்னாப் போங்க, நான் தடுக்கலை. ஆனா சித்த ரோசனை பண்ணுங்க. என்னையக் கூட்டிட்டுப் போயிட்டா அவனுக்கு யாருங்க இருக்கறாங்க? நீங்க லீவு முடிஞ்சாப் போயிருவீங்க. உண்மையச் சொல்லி அவனுக்கிருக்கற ஒரே தொணையப் புடுங்கறது தர்மமான்னு பாத்துக்குங்க. அதான், உங்க பாரத்த எறக்கறதுக்கோசரம் சொன்னேன், அம்புட்டுத்தான்.

வர்றான் பாருங்க, குச்சிச் சத்தம் கேக்குது. வாசல்ல நின்னு மொதல்ல கூப்புடுவான். சித்த பேசாம இருங்க, அதை மட்டும் கேளுங்க.

"அப்பா... அப்பா, எங்கிருக்கீங்க?"

கேட்டீங்களா தம்பி? பாஸ்போர்ட் வந்த பொறவு ஒரு நாளாச்சும் இப்படிக் கூப்பிட்டிருப்பானா? இப்ப நானில்லாம ஒரு நிமிசம் இருக்க மாட்டேங்கறான். அம்புட்டுப் பாசம் எம்மேல.