தரையில் அடித்த மணி

விசிறியால் கொசுவை விரட்டியபடி கடைசிக் காட்சி வரை அசையாமல் அமர்ந்திருந்த தலைவர், பள்ளித் தலைமையாசிரியை எல்வீரா அம்மையார் அவர்களே! மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு ஆசிரியை வேடம் கட்டிய தூனியா அக்கா அவர்களே! சேற்றிலும் சிரித்து நிற்கும் கார்த்தஹேனாவின் கடைக்கோடிப் பெரியோர்களே! மடியில் பிள்ளை தூங்க, விழி தூங்காத தாய்மார்களே! வணக்கம்!

எனக்குப் பேச வராது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் என் தங்கை நேர்லிஸுக்குக் காது கேளாது. அவளுக்காக யாராவது பேசத்தானே வேண்டும்?

எல்வீரா அம்மையார் போன வாரம் என்ன சொன்னார்? "யாரும் கையைப் புடிச்சு இழுக்காம அவளே நாடகத்த முடிக்கட்டும் மகளே. என் பள்ளியில இடம் தர்றேன்." சொன்னாரா இல்லையா?

காது கேளாத சிறுமிக்கு ஆசிரியை முதல் சொல்லைக் கற்பிக்கும் நாடகம். வில்ஃப்ரிதோ மாமாவின் பாட்டுப்பெட்டி, அந்த வண்ணம் தீட்டிய பூதம், ஒத்திகை முழுதும் மேடையோரம் அதிர்ந்தது. பலகை வழியே தாளம் பாதத்தில் ஏறும். தாளம் மாறினால், சிறுமியாக நடிக்கும் நேர்லிஸ் அந்தச் சொல்லைக் கைச்சைகையால் சொல்ல வேண்டும். இன்று கடைசிக் காட்சியில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

"யோவ், பெட்டிய நிறுத்துய்யா! நாடகம் நடக்குதுல்ல!"

"ஆமா மாமா, மரியாதை வேணாமா?"

மாமாவும் நிறுத்திவிட்டார்! பூசை நேரத்திலும் அலறும் பெட்டி, வாழ்வில் முதன்முறையாக மரியாதை கற்றுக்கொண்டது! சிரிக்காதீர்கள் மாமா, உங்களைத்தான் சொல்கிறேன்!

ஊரே அமைதி. என் தங்கைக்கோ உலகமே அணைந்துவிட்டது. தூனியா அக்கா முட்டை அடையை நீட்டியபடி நிற்கிறார். இவள் சிலையாக நிற்கிறாள். திரைக்குப் பின்னால் இருந்த என்னால் நிற்க முடியுமா? மேடைக்கு ஓடினேன். அவளைத் தொடவில்லை. ஓங்கி மிதித்தேன் பலகையை! தம்! தம்! முன்வரிசை மிதித்தது! பின்வரிசை மிதித்தது! மேடை நடுங்கியது, மண் நடுங்கியது, நேர்லிஸின் பாதம் விழித்தது! மூடிய கைமுட்டியை உள்ளங்கையில் இருமுறை தட்டினாள். 'இன்னும்!' அதுதான் அந்தச் சிறுமியின் முதல் சொல்! அடையும் அவள் வாய்க்குள் போனது!

என்ன அங்கே முணுமுணுப்பு?

"அக்காக்காரிதானே தூக்கிவிட்டா? இது எப்படிக் கணக்காகும்?"

நல்ல கேள்வி அண்ணே! நான் ஒன்று கேட்கிறேன். காலையில் பள்ளியில் மணி அடிக்கிறதே, யாருக்காக? மணி கேட்டு ஓடும் உங்கள் பிள்ளையை, யாரோ தூக்கிவிட்ட பிள்ளை என்கிறோமா? காதுள்ளவர்களுக்குக் காற்றிலே மணி! என் தங்கைக்குத் தரையிலே மணி! அடித்தது ஊர், எழுந்தது அவள்! கற்க வராத பிள்ளை என்றீர்களே, அவள் காத்திருந்தது கருணைக்கா? இல்லை! கால் வழியே வரும் ஓர் அழைப்புக்கு!

அம்மையார் அவர்களே, உங்கள் பள்ளியின் தரையும் பலகைதான். அந்த மணி அங்கே அடிக்குமா, அடிக்காதா?

ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? செருப்பை ஏன் கழற்றுகிறீர்கள்? ஐயோ... மிதிக்கிறார்! ஊரே, எல்வீரா அம்மையார் மிதிக்கிறார்!

"திங்கக்கிழமை வரச் சொல்லுடி அவள! சத்தம் பத்துமான்னும் கேளு!"

அதோ பாருங்கள், மூலையில் அடை தின்றுகொண்டிருந்தவள் திரும்பிவிட்டாள். மறுபடி கைமுட்டியை உள்ளங்கையில் தட்டுகிறாள்.

இன்னும் வேண்டுமாம் அம்மையாரே!

மிதித்த பாதங்கள் அனைத்துக்கும் நன்றி! வணக்கம்! மாமா, போடுங்கள் பெட்டியை!