கட்டைகளுக்கு நடுவில் ஒரு குரல்

அந்த நாற்காலி ஆடும், மாப்பிள்ளை. இதில் உட்காருங்கள். தச்சர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். டீ சொல்லட்டுமா? வேண்டாமென்றால் சரி.

தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வருகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "அவங்க அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேனே" என்றிருப்பார். சொன்னார்தான். நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. எனக்குத் தங்கை என்றால் உங்களுக்கு மனைவி. அவளுக்கு ஏன் இனிமேல் குரல் வராது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நடுவில் எழுந்து மட்டும் போகாதீர்கள்.

முதலில் வேலையைச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். இந்தப் படத்துக்கு நான் போட்ட இசையில் மிருதங்கத்துக்கு அடியில் பேஸ் கிட்டார் நடக்கும். சாக்ஸபோன் ஆலாபனை செய்யும். ஹால் நிறைய வயலின்கள் ஒரு பக்கம், ஒற்றை வீணை ஒரு பக்கம். நம்முடையதையும் மேல்நாட்டையும் கலக்கிறேன் என்று பல பேர் கிளம்புவார்கள், கடைசியில் இரண்டும் எண்ணெயும் தண்ணீருமாக நிற்கும். என்னுடையது அப்படி நிற்கவில்லை. அதற்குக் காரணம் உச்சக்காட்சிப் பாட்டு. அதைப் பாடியவள் உங்கள் மனைவி.

அவள் குரலில் ஒரு சங்கடம் உண்டு. அவளுடைய சுருதி பியானோவின் எந்தக் கட்டையிலும் உட்காராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் போய் நிற்கும். கச்சேரியில் அதனால் தொல்லை இல்லை, தம்புராவை அவளுக்காகத் திருகிக்கொள்ளலாம். ஒரு ஹால் வாத்தியக்காரர்கள் ஒருத்திக்காக நகர முடியுமா? ஒருத்திதான் நகர வேண்டும். இதில் நியாயம் இருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

நேரில் சொன்னால் கேட்க மாட்டாள். "அப்பா வச்ச சுருதிண்ணா, அதை மாத்த மாட்டேன்" என்பாள். அப்பா அவளுக்குத்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். "இவனுக்குத் தொண்டை இல்ல, விரல்தான்" என்று அம்மாவிடம் சொல்லி என்னைப் பியானோ வகுப்பில் விட்டார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பேட்டிகளில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

ஆகவே காதும் காதும் வைத்த மாதிரி செய்தேன். அவள் ஹெட்போனில் கேட்கிற தம்புரா, இதோ, மேசைமேல் இருக்கும் இந்தச் சின்னப் பெட்டியிலிருந்துதான் போகிறது. இந்தக் குமிழைத் திருப்பினால் சுருதி மாறும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு மயிரிழை ஏற்றிவைத்தேன். ஒரேயடியாக ஏற்றியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

கொஞ்ச நாளிலேயே களைத்துப்போனாள்.

"என்னண்ணா, தொண்டை பிடிக்குது. சுருதி ஏத்திட்டியா?"

"அதே பெட்டிதாம்மா" என்றேன். பொய் இல்லை, அதே பெட்டிதான்.

"வீட்ல பாடினா வருது. இங்க வந்தா வரமாட்டேங்குது."

"மைக்கைப் பாத்துப் பயப்படுற. பெட்டியை எடுத்துட்டுப் போ, வீட்லயும் இதை வச்சே சாதகம் பண்ணு."

உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தான் அதைக் காரின் பின்சீட்டில் வைத்து எடுத்துப் போனீர்கள். "கீழ போட்டுடாதீங்க மாப்பிள்ளை" என்றுகூடச் சொன்னேன். ஒத்திகைக்கு அவளோடு பெட்டியும் வரும். திரும்பிப் போகும்போது ஒரு மயிரிழை கூடிப் போகும். தன் குரல்தான் தேய்கிறது என்று நம்பி, விடியுமுன் எழுந்து இன்னும் கூடுதலாகப் பாடினாளாம். நீங்கள்தான் சொன்னீர்கள். சின்ன வயதிலிருந்தே அவள் உழைப்பாளி.

இனி டாக்டர் விஷயம். நீங்கள் வெளியூர் போயிருந்த வாரம் நான்தான் அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார். என் போன் நம்பரைக் கொடுத்திருந்ததால் மறுநாள் எனக்குத்தான் கூப்பிட்டார். குரல்நாணில் வீக்கம், இப்போதைக்குப் பாடவே கூடாது, மேல் ஸ்தாயியை நினைத்தே பார்க்கக் கூடாது, உள்ளே இரத்தம் கசிந்தால் பழைய குரல் திரும்பாது என்றார். "நீங்க எடுத்துச் சொல்லுங்க சார், பாடுறவங்க எங்க பேச்சைக் கேக்க மாட்டாங்க" என்றார். சரி என்றேன். அவளிடம், வெந்நீர் குடிக்கச் சொன்னார் என்றேன். அதையும் அவர் சொல்லத்தான் செய்தார்.

அதற்குள் பெட்டியின் சுருதி அவளுக்கு மேலே இருந்த பியானோக் கட்டையைத் தொட்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் டைரக்டர் இந்த அறைக்கு வந்து ஒத்திகைப் பதிவைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் தட்டி, "மெட்டு யாரு வேணா போடலாம் சார். இது அவங்க பாட்டு" என்றார். அறையிலேயே பலமாகச் சிரித்தவன் நான்தான். அவர் போன பிறகு, வயலின்கள் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று கேட்கலாமே என்று தோன்றியது. எல்லாருடைய வாசிப்பையும் அடுத்த கட்டைக்கு மாற்றி எழுதிக்கொடுத்தேன். பெட்டியும் கூட ஏறியது. ஹால் நகராது என்றீர்களே என்று பார்க்கிறீர்கள். நகர்ந்தது, என்ன செய்ய.

பதிவு அன்று அவள் கண்ணாடி அறைக்குள் நின்றாள். நான் வெளியே வாத்தியக்காரர்களுக்கு நடுவில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் தொலைந்த மகனைத் தாய் கூப்பிடுகிற இடம். உச்சியில் குரல் கிழிந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று தெரிந்தது. என் கை இறங்கினால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். நான் இறக்கவில்லை. பாட்டு ஓடுகிறதே என்று அவள் மறுபடி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

ஜனங்கள் பஸ்ஸில் கேட்டே அழுகிறார்களே, குரல் உடைந்து அதன் மேல் வயலின்கள் வந்து மூடுகிற இடம், அது நடிப்பில்லை. அன்று காலையிலேயே எடுத்த சுத்தமான பதிவு ஒன்று இருக்கிறது. நான் இதைத்தான் படத்துக்குக் கொடுத்தேன். இது நன்றாக இருந்தது.

போன வாரம் அவள் போனில் எழுதிக் காட்டினாள். "நான் பாட்டைக் கெடுத்துட்டேனா அண்ணா?" இல்லைம்மா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். கீழ்க்கட்டைக்கு இறக்கியிருக்கலாமே என்றா? உங்களுக்குச் சங்கீதம் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன். இறக்கியிருக்கலாம். அவள் சுருதிக்குக் கீழ்க்கட்டைதான் இன்னும் பக்கம். தொண்டை நோகாமல் ஒரே ஒத்திகையில் வந்து உட்கார்ந்திருப்பாள். இந்தாருங்கள், பெட்டியை வாங்கித் திருப்பிப் பாருங்கள். குமிழ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் திரும்புகிறது. பாருங்களேன், எனக்கு இதுநாள்வரை அது தோன்றவே இல்லை.