வெர்லீன் ஹாஸ்கலுக்குக் கல் அடுக்காதீர்கள்

மேடையில் இருப்பவர்களே, மடக்கு நாற்காலிகளில் இருப்பவர்களே, இடம் கிடைக்காமல் இந்தத் தேவாலயக் கூடத்தின் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டிருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நகரத் தலைவரும் சுற்றுலாக் குழுத் தலைவருமான சகோதரர் கென்ட் ராஸ்முசன் அவர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆர்டித் அவர்களுக்குத் தலை தாழ்த்துகிறேன். நாம் இழந்திருப்பது ஒரு நூலாசிரியரை. அவர் இழந்திருப்பது அக்காவை.

என் பெயர் ரீட். வெர்லீன் ஹாஸ்கலின் வழிகாட்டி நூலுக்கு வரைபடம் போடுகிறவன். மீட்புக் குழுவில் அவரோடு கயிறு பிடித்தவன்.

இன்று காலை சமையலறையில், சாவு வீட்டுக்கென்றே நம் ஊரில் செய்யும் உருளைக்கிழங்குப் பண்டத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே ஆர்டித் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

“அழகா பேசலைன்னாலும் பரவாயில்ல ரீட். பொய் மட்டும் பேசிடாதே.”

அந்த அனுமதியோடு நிற்கிறேன். அழகாகப் பேசப்போவதில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மென்மையானவர் என்றார்கள். பாறைகளின் தாய் என்றார் ஒருவர். வெர்லீன் ஹாஸ்கலா மென்மையானவர்? இந்தக் கூடத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கைகூட இல்லை. நல்லது. நாம் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அவர் எழுதியது ஒரே ஒரு புத்தகம். ‘பாறை நாட்டில் நடை’. அதையே வாழ்நாள் முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதினார். மற்ற வழிகாட்டி நூல்கள் தூரத்தைச் சொல்லும், ஏற்றத்தைச் சொல்லும். அவருடைய நூல், நண்பகல் வெயிலில் எந்தப் பாறையின் நிழலில் மல்லாந்து படுக்கலாம் என்று சொல்லும். படுக்கைப் பாறைகளுக்கு அவர் மதிப்பெண் போட்டார். பீச் பழத்தை ஈர மணலில் எந்த ஆழத்தில் புதைத்தால் சாப்பிடும்போது பல் கூசும் என்று எழுதினார். மழைக்குப் பிறகு சிவப்புப் பாறை என்ன நிறமாகும் என்பதை ஒரே வரியில் எழுதினார். “நானே சொல்லிட்டா நீ எதுக்கு வர்றே?” அவ்வளவுதான் வரி.

முன்னுரை இப்படித் தொடங்கும்: “இந்த நாட்டை ரசிக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வீடு திரும்ப வேண்டும்.”

அவர் எப்படி எழுதினார் என்பதைச் சொல்ல வேண்டும். என் கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் எல்லா வழிகளையும் மறுபடி நடப்பார். தனியாக அல்ல. இந்தப் பக்கமே வந்திராத ஓர் அந்நியரைப் பிடிப்பார். எரிபொருள் நிலையத்தில் பிடிப்பார், பேருந்து நிறுத்தத்தில் பிடிப்பார். அந்த ஆள் கையில் புத்தகத்தைக் கொடுத்து முன்னால் விடுவார். தான் பின்னால் நடப்பார். வாயே திறக்க மாட்டார். அந்நியர் தவறான பாறைப் பிளவில் திரும்பினாலும் பின்னாலேயே போவார். முள்ளில் போனாலும் போவார்.

ஒரு பதிப்புக்கு அந்த அந்நியன் நான். இலக்கியத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். வேலை இல்லை. வாசிக்கத் தெரியும் என்ற திமிர் மட்டும் இருந்தது. காலையில் தொடங்கினோம். நண்பகலில் செங்குத்துச் சுவர் ஒன்றின் முன்னால் முட்டிக்கொண்டு நின்றேன். வழி இல்லை. தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். எந்த வரியைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாய் என்று கேட்டார். காட்டினேன். நான் அவசரத்தில் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

“நீ எதுக்கு மன்னிப்பு கேக்கறே? அவசரமாப் படிக்கிறவனும் சாகக் கூடாதுல்ல. வரிதான் மோசம்.”

அந்த வரியை அங்கேயே அடித்தார். அங்கேயே புதிதாக எழுதினார். பிறகு, உன்னைவிட மந்தமான ஆள் கிடைப்பது கஷ்டம், அடுத்த வழிக்கும் நீயே வா என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

கவனியுங்கள். ஒருவன் வழி தவறினான். தவறு என்னுடையது என்று சொன்னார், புத்தகத்தை எழுதியவர். இந்த ஊரில் அப்படிச் சொல்லத் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா?

கல்லடுக்குகளுக்கு வருகிறேன்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. பாறையில் கால்தடம் விழாது. அதனால் வழி குழம்பும் இடத்தில் மூன்று கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம். நான் இங்கே வந்தேன், போனேன், பிழைத்தேன், நீயும் வரலாம். அதற்கு அதுதான் பொருள். வேறு பொருள் கிடையாது. தேவையில்லாத அடுக்கைக் கண்டால் உதைத்துத் தள்ளிவிட்டுப் போவதும் நம் வழக்கம்தான். வெர்லீன் உதைத்தது போல யாரும் உதைத்ததில்லை. இடுப்பு வலி இருந்தும் உதைப்பார். வலது பூட்ஸின் முனை மட்டும் எப்போதும் தேய்ந்திருக்கும்.

சென்ற இலையுதிர் காலத்தில் சுற்றுலாக் குழு கல்லடுக்குத் திருவிழா நடத்தியது. ஆற்றங்கரைப் பூங்காவில் என்றுதான் அறிவிப்பு. ஆனால் பரிசு யாருக்கு? மிக அழகான இடத்தில் அடுக்கி, மிக அழகாகப் படமெடுத்து அனுப்புகிறவருக்கு. அழகான இடம் பூங்காவிலா இருக்கிறது? எல்லோரும் பள்ளத்தாக்குகளுக்குள் போனார்கள். அடுக்கினார்கள். படமெடுத்தார்கள். கற்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வெர்லீன் குழுக் கூட்டத்துக்கு வந்தார். நானும் உடன் இருந்தேன். போட்டியை நிறுத்துங்கள், அடுக்கியதைக் கலைக்க ஆள் அனுப்புங்கள் என்றார். ஆள் இல்லை என்றார்கள். பருவம் நன்றாகப் போகிறது என்றார்கள். விடுதிகளில் அறை இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அவர் குரலை உயர்த்தினார். அப்போது சகோதரர் ராஸ்முசன் சிரித்தபடி சொன்னதை அவர் குரலிலேயே சொல்கிறேன்.

“கல்லுதானே சகோதரி. காத்தடிச்சா விழுந்துடப் போவுது.”

“அது விழாது, சகோதரரே. அதுக்கு முன்னாடி ஆளு விழும்.”

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார்கள்.

மே மாதத்தில் ஆள் விழுந்தது.

ஒஹாயோவிலிருந்து வந்த ட்ரெஸ்லர் தம்பதி. நொண்டிக்கழுதைப் பள்ளத்தாக்கு. பெரிய காட்டன்வுட் மரத்தருகே பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் மேலே ஏறி வெளியே வரலாம். வலப்பக்கம் வழவழப்பான பாறையில் சறுக்கிக் கீழே இறங்கலாம். மறுபடி மேலே ஏற முடியாது. அதற்கும் கீழே அதலபாதாளம். வலப்பக்கம் நெடுக அடுக்குகள் இருந்தன. அழகான அடுக்குகள். போட்டிக்கு அடுக்கியவை. கடைசி அடுக்கு அந்தச் சறுக்குப் பாறையின் விளிம்பில் இருந்தது. அங்கேதான் மாலை வெளிச்சம் நன்றாக விழும்.

சறுக்கி இறங்கி, மேலே ஏற முடியாமல் மாட்டிக்கொண்ட அவர்களை வெர்லீனும் நானும் கண்டுபிடித்தபோது உயிரோடு இருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. கயிறு போட்டு மேலே எடுத்தோம். ட்ரெஸ்லரின் பையிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ‘பாறை நாட்டில் நடை’. வெர்லீனின் புத்தகம்தான். சரியான பக்கத்தில் அடையாளத் தாள் வைத்திருந்தார்கள். வெர்லீன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, இதைப் படித்தீர்களா என்று கேட்டார். படித்தோம் என்றார் மனிதர். இடப்பக்கம் என்றுதானே இருக்கிறது என்று வெர்லீன் கேட்டார். ஆமாம் என்றார் அவர். நாங்களும் இடப்பக்கம்தான் திரும்பப் பார்த்தோம் என்றார். பிறகு, தண்ணீர்க் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு சொன்னார்:

“புத்தகம் பழசு. கல்லு புதுசா இருந்துச்சுங்க. நேத்துதான் யாரோ நடந்து போன மாதிரி. அதை நம்பிட்டோம்.”

பாறை நாட்டுக்கு வரும் ஒழுங்கான மனிதர் யாராக இருந்தாலும் செய்யும் தவறு அது. நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். வெர்லீன் அவரைத் திட்டவில்லை. எல்லோரையும் திட்டும் வெர்லீன் அன்று திட்டவில்லை. அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். எதைத் திருத்துவது என்று தேடினார் என்று நினைக்கிறேன். திருத்த எதுவும் இல்லை. வரி சரியாக இருந்தது. முதல்முறையாக, வரி சரியாக இருந்தும் ஆட்கள் வழி தவறியிருந்தார்கள்.

மீட்புக் குழுவின் மற்றவர்கள் தம்பதியை வெளியே அழைத்துப் போனார்கள். வெர்லீன் மர நிழலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். வெயில் என்றார்.

“நீ போயி அந்தக் கல்லையெல்லாம் தட்டிட்டு வா ரீட். ஒண்ணு விடாத. நான் கொஞ்சம் சாயறேன்.”

போனேன். உதைத்தேன். விளிம்பில் இருந்ததைக் கையால் எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே போட்டேன். விழும் சத்தம் கேட்க நேரமானது. திரும்பி வந்தபோது தொப்பி அவர் முகத்தின் மேல் இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். அவர் முழு மதிப்பெண் போட்ட படுக்கைப் பாறைகளில் அதுவும் ஒன்று. எழுப்ப மனமில்லாமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நிழல் நகர்ந்து வெயில் அவர் கையில் விழுந்தது. கை நகரவில்லை.

இதயம் என்றார் மருத்துவர். எழுபதைத் தாண்டியவர், இயற்கையான மரணம் என்று சகோதரர் ராஸ்முசன் சற்றுமுன் இதே ஒலிவாங்கியில் சொன்னார். இயற்கையா? இயற்கை அந்தக் கற்களைச் சிதறலாகத்தான் போட்டிருந்தது. அடுக்கியது யார்? பரிசு அறிவித்தது யார்? கல்லுதானே என்றது யார்?

கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் சகோதரரே. அதிகம் இல்லை.

இந்தக் கூட்டத்துக்கான அழைப்பில் ஒரு வரி இருந்தது. வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுவர வேண்டும். எதற்கு? வெர்லீன் ஹாஸ்கல் நினைவுக் கல்லடுக்கு எழுப்ப. எங்கே? நொண்டிக்கழுதைப் பள்ளத்தாக்கின் வாசலில். நாளை காலை அடிக்கல். இலையுதிர் காலத்தில் இரண்டாம் ஆண்டுத் திருவிழா அங்கிருந்துதான் தொடங்குமாம். ஆள் உயரத்துக்கும் மேலே எழும்புமாம். வெண்கலத்தில் பெயர் பொறிப்பார்களாம்.

நண்பர்களே, எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் ஒருவர் எதை உதைத்தாரோ, எது அவரை அங்கே இழுத்துப்போனதோ, அதை அவர் பெயரால் அடுக்குகிறோம். பள்ளத்தாக்கின் வாசலில் பெரியதாக ஒன்று. உள்ளே வருகிறவர் என்ன நினைப்பார்? இங்கே அடுக்குகளை நம்பலாம் என்று நினைப்பார். பெரியதை நம்பியவர் சிறியதையும் நம்புவார். மரத்தடியில் வலப்பக்கம் திரும்புவார்.

உங்களில் பலர் நல்ல மனதோடு கல் கொண்டுவந்திருக்கிறீர்கள். தெரியும். மடியில் வைத்திருக்கிறீர்கள். சிலர் கழுவித் துடைத்துக்கூட வைத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குச் சொன்னதை நம்பினீர்கள். ட்ரெஸ்லரும் அப்படித்தான்.

இரங்கல் உரையின் முடிவில் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். எடுக்கிறேன்.

‘பாறை நாட்டில் நடை’ மறுபடி வரும். அவர் முறையில்தான் வரும். ஒவ்வொரு வழியிலும் ஓர் அந்நியர் முன்னால் நடப்பார், நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடப்பேன். அந்தப் பள்ளத்தாக்கின் பக்கத்தில் ஒரு பத்தி கூடும். இங்கே போட்டிக்காகக் கற்கள் அடுக்கப்பட்டன, நகரத்தின் சுற்றுலாக் குழு பரிசு கொடுத்தது, அதை நம்பி இருவர் உள்ளே போனார்கள், அவர்களை மீட்கப் போன இந்நூலின் ஆசிரியர் இங்கே இறந்தார். இவ்வளவுதான். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும். உரிச்சொல் ஒன்றுகூடப் போட மாட்டேன். அந்தப் பத்தி இருந்தால் ஊர்க் கடைகளில் புத்தகத்தை வைக்க மாட்டோம் என்று நேற்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். வைக்காதீர்கள். எரிபொருள் நிலையத்தில் நின்று நானே விற்கிறேன். அங்கேதான் அந்நியர்கள் கிடைப்பார்கள்.

இன்னொன்று. அடுக்குகள் நொண்டிக்கழுதையில் மட்டும் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குகள் எல்லாவற்றிலும் நிற்கின்றன. குளிர்காலக் காற்று ஒன்றையும் தள்ளவில்லை. நாளை காலை நீங்கள் வாசலில் அடிக்கல் நாட்டும் நேரத்தில் நான் உள்ளே போய் அவற்றைக் கலைப்பேன். என் பிக்கப் வண்டியில் இடம் இருக்கிறது. வருகிறவர்கள் கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரை நீங்களே கொண்டுவாருங்கள். யாரும் வராவிட்டால் தனியாகப் போவேன். வந்தால் நல்லது. நிறைய இருக்கின்றன.

ஆர்டித், உட்காருங்கள். இன்னும் முடிக்கவில்லை. நாளை காலை என்றுதான் சொன்னேன்.

இப்போதேவா?

சரி. முடித்துவிட்டேன். வண்டியில் முன் இருக்கை உங்களுடையது.