அந்தக் கை வேண்டாம்

அக்கா: சட்டைக் கையை மடிடா. இடது கை.

தம்பி: அந்தக் கை வேண்டாம்கா. இதுல கட்டு.

அக்கா: ஏன், அதுக்கு என்ன?

தம்பி: சுளுக்கு. என்ன, பெரிய நர்ஸ் மாதிரி பிரஷர் மிஷினெல்லாம் வாங்கி வெச்சிருக்கே...

அக்கா: என் பொண்ணு, உன் மருமக பாப்பாவுக்காக வாங்கினது. காலேஜ்கூட போகல, அதுக்குள்ள பிரஷர் அவளுக்கு. பேசாம இரு. பேசினா ஏறும்.

தம்பி: இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுக்குக் கூப்பிட்டு, பேசாதேங்கறே.

அக்கா: கொழுப்பு குறையல உனக்கு. சரி, முதல்ல தண்ணியைக் குடி. வெயில்ல வந்திருக்கே.

தம்பி: ஒரு மடக்கு போதும்.

அக்கா: சொம்பு சொம்பா குடிப்பியே?

தம்பி: அதெல்லாம் அப்போ.

அக்கா: லாரியை எங்கே நிறுத்தினே?

தம்பி: வித்துட்டேன்.

அக்கா: எதுடா... அப்பாகிட்ட சண்டை போட்டுட்டுப் போய் வாங்கினியே, அதையா?

தம்பி: ராத்திரி ஓட்டம் ஒத்துக்கல. விஷயத்துக்கு வாக்கா. ஃபோன்ல அப்படி அழுதியே.

அக்கா: ...அப்பாவுக்குக் கிட்னி போனது உன்னால இல்லடா.

தம்பி: ம்.

அக்கா: பாப்பாவுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தாங்க. டென்ஷன்ல ஒரு ஹார்மோன் சுரக்குமாம்...

தம்பி: அதான், நான் குடுத்த டென்ஷன்.

அக்கா: முழுசாக் கேளு. அது எல்லாருக்கும் தினமும் சுரக்கிறதுதான். கிட்னிக்குள்ள ஒரு என்சைம் இருந்து அதை அடக்கணும். நம்ம வம்சத்துல அந்த என்சைம் பிறவியிலேயே சரியா வேலை செய்யாதாம். உடம்புல உப்பு தங்கி, பிரஷர் ஏறி, கிட்னியைக் கெடுத்துடுதாம்.

தம்பி: சோம்பேறி என்சைம். நம்ம வீட்டுதுதான், சந்தேகமே இல்ல.

அக்கா: சிரிக்காதே. நீ எங்கேயும் போகாம அப்பா கூடவே பட்டறையில நின்னிருந்தாலும் அவருக்கு இப்படித்தான் ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்.

தம்பி: அப்பா செத்த அன்னிக்கு நீ வாசல்ல நின்னு வேற மாதிரி சொன்னே.

அக்கா: சொன்னேன். அப்பாவைக் கொன்னவன் உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேன். இந்த நாக்கு அழுகிப்போக...

தம்பி: விடுக்கா.

அக்கா: ரிசல்ட் போன வருஷமே வந்துடுச்சு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்னைக் கூப்பிடறதுன்னு... தள்ளிப்போட்டுட்டே வந்தேன்.

தம்பி: போன வருஷமா?

அக்கா: இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மாத்திரை ஆரம்பிச்சதும் பாப்பாவுக்கு இறங்கிடுச்சு. உனக்கும் இருந்தா மாத்திரையிலயே கிட்னியைக் காப்பாத்திடலாம், ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னார்... இரு. நூத்தி எண்பதா காட்டுது? டேய், உனக்குத் தலை வலிக்குமா?

தம்பி: வலிக்கும்.

அக்கா: எத்தனை நாளா?

தம்பி: அது... வருஷக்கணக்கா.

அக்கா: டாக்டர்கிட்ட காட்டலையா?

தம்பி: கட்டைக் கழட்டுக்கா, இறுக்குது.

அக்கா: மிஷின்தான் தப்பு. அந்தக் கையைக் குடு. குடுடா, சுளுக்கை நான் பார்த்துக்கறேன்... என்னடா இது? நரம்பு கயிறு மாதிரி புடைச்சு... உள்ள ஏதோ உறுமுது.

தம்பி: டயாலிசிஸுக்காக ஆபரேஷன் பண்ணினதுக்கா. ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு. தலை வலிக்கும்போதெல்லாம், அப்பாவுக்கு நான் குடுத்ததுதான் திரும்பி வருது, பட்டுத்தான் தீரணும்னு... கிட்னி போற வரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் போகாமலே இருந்துட்டேன்.