ஜன்னலோரத் தலையணை

லீமா டீச்சரு கிளாஸா? அந்தா, எதித்த ரூம்தான். போலாம், மணியடிக்கட்டும். இப்படி உக்காரு மக்கா. நடந்தா வாற, இராஜாக்கமங்கலத்துல இருந்தா? அவளும் அந்தக் கடக்கரைக்காரிதான். அப்பனுக்கு வலை கட்டுத வேல.

நான் யாருன்னா கேக்க? நேசபாய். இந்த லேஸ் பள்ளிக்கூடத்துல இருபத்திரண்டு வருஷமா டீச்சரு. உனக்க லீமாவுக்கு நூல்கட்டையப் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அத உனக்கிட்ட எவளும் சொல்லிருக்க மாட்டா.

இந்தா பாரு, இதுதான் லேஸ் போடுத தலையணை. மேல அட்டை. அட்டைல புள்ளி, புள்ளிக்கு ஒரு குண்டூசி, ஊசியச் சுத்தி நூலு. எண்பது கட்டை உருளும். ஒண்ணு மாறிச்சுன்னா அன்னைக்குள்ள வேல போச்சு. பூவு நல்லா இருக்கா? சீமைப் பூவு. பேரா? அது எனக்கெப்படித் தெரியும், நான் கண்டிருக்கனா? அட்டைல இருக்கு, போடுகேன். சுதந்திரம் கிட்டின வருஷம் இங்க இருந்த வெள்ளக்கார மதாம்மா கப்பலேறும்ப இந்த அட்டையெல்லாம் எனக்க கையிலதான் தந்துட்டுப் போனா. ஏழு வருஷமா ஒரு புள்ளி மாத்தல நான்.

லீமா மூணு வருஷம் எனக்க முன்ன குனிஞ்சு இருந்து படிச்சா. பொறவு ஒரு நாளு அட்டைய மறிச்சுப் போட்டு, பின்பக்கத்துல அவளே புள்ளி குத்தினா. என்னது தெரியுமா? சாள மீனு. மேசைவிரிப்புல சாளையாடீன்னு நான் கேட்டுக்கிட்டு நிக்கேன், மானேஜரம்மா வந்து அதத் தூக்கிப் பிடிச்சு, கொள்ளாமே, நல்லாருக்கேங்கா. என்னைய இத்தன வருஷத்துல ஒரு மட்டம்கூட கொள்ளாம்னு சொன்னதில்ல.

அதோட எதித்த ரூம அவளுக்குக் குடுத்து டீச்சராக்கியாச்சு. அதுக்குப் பொறவு புதுசா வாற பிள்ளையளெல்லாம் அங்கதான். நண்டு, பனையோல, தாமரைன்னு அவளவளுக்குத் தெரிஞ்சதப் போடுகாளுவ. எனக்க ரூம்ல பத்துத் தலையணை, ஆளு ரெண்டு. சிரிப்புச் சத்தம் கேக்குதுல்லா? நாங்க படிக்கும்ப எவளும் சிரிச்சதில்ல. ஆமா, பொறாமதான். வயிறு எரியுது. சொல்லுததுக்கென்ன?

ஆனா நீ அங்க போனதும் அந்த மீனுக்க ஓரத்தப் பாரு. அது நான் சொல்லிக் குடுத்த ஓரம். அது மட்டும் இல்லன்னா மீனு ஒரு வெளுப்புக்குத் தாங்காது, பிஞ்சு போவும்.

இல்ல மக்கா, போட்டுப் பாக்காமப் பேசல. வீட்டுக் கதவச் சாத்திக்கிட்டு நானும் மூணு மட்டம் போட்டேன். உடம்பு வருது, செதிலு வருது, வாலு வரல. அட்டை சொல்லாத எடத்துல கட்டைய எங்க திருப்பணும்னு எனக்க கைக்குத் தெரியல. சவம், வெண்டைக்கா மாதிரி முடிஞ்சு போச்சு.

மணியடிச்சாச்சு. எந்திரி. அங்க எங்க வேணும்னாலும் இரு, ஜன்னல் பக்கத்துல ஒரு தலையணை காலியாக் கெடக்கும், அதுல மட்டும் இருந்துராத. மானேஜரம்மாகிட்டச் சொல்லி அத நான் எனக்குன்னு கேட்டு வச்சிருக்கேன். நேத்தே போயிருக்கணும். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன், ஒத்தையா உள்ள கேற மடியா, கூச்சமா இருக்கு. நீ முன்ன நட.